‘65 வாட்’ சார்ஜரும் பிற்பகலில் அணைந்துபோகும் போனும்

மதுரையில் பைக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்யும் 29 வயது வாசகர் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் போனின் பிராண்டையும் தவிர்த்திருக்கிறோம். போன் வாங்கி 14 மாதம் ஆகிறது. 5,000 எம்ஏஎச் பேட்டரி, 25 வாட் வேகச் சார்ஜிங் வசதி உண்டு. ஆனால் பெட்டியில் கேபிள் மட்டும்தான் வந்தது, சார்ஜர் இல்லை. வீட்டில் கிடந்த பழைய 10 வாட் சார்ஜரை வைத்தே இத்தனை நாள் சமாளித்திருக்கிறார். காலை 11 மணி முதல் இரவு 10 மணி வரை மேப் ஓடிக்கொண்டே இருக்கும், திரையும் முழு வெளிச்சத்தில் இருக்கும். இரவில் 15-லிருந்து 100 வரை ஒரு தடவை, மதிய ஓய்வில் ஒன்றரை மணி நேரம், மாலை ஆர்டர்கள் குவிவதற்கு முன் அரை மணி நேரம் என்று மூன்று வேளையும் சார்ஜ் போடுகிறார். நடுவில் அவ்வப்போது பைக்கில் இருக்கும் யூஎஸ்பி சாக்கெட்டிலும்.

மூன்று வாரத்துக்கு முன் சாலையோரக் கடையில் ‘65 வாட்’ என்று பெரிதாக அச்சடித்த சார்ஜரை 450 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். “வேகச் சார்ஜிங் என்று திரையில் ஒருநாளும் காட்டவில்லை. முழுசா ஏற இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிறது. சார்ஜில் இருக்கும்போது தொடாத இடத்தையெல்லாம் தொட்டதுபோல் திரை தானாகத் தாவுகிறது. ஓரத்து உலோகத்தில் கை பட்டால் சுருக்கென்கிறது. இப்போது 18 சதவீதம் இருக்கும்போதே போன் அணைந்துபோகிறது. இந்தச் சார்ஜர்தான் என் பேட்டரியைத் தின்றுவிட்டதா?” என்று கேட்கிறார். கடைக்காரர் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். பில் இல்லை, யூபிஐயில் பணம் கொடுத்ததற்கான பதிவு மட்டும் இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் பேட்டரி நலம் (புதிதில் இருந்த கொள்ளளவில் இப்போது மிஞ்சியிருப்பது) 79 சதவீதம் என்று சொல்லி, மாற்ற 2,200 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். போன் நிறுவனத்தின் 25 வாட் சார்ஜர் 1,300 ரூபாய். வேறொரு கடைக்காரர் 2,800 ரூபாய்க்கு 45 வாட் சார்ஜரே வாங்கிவிடச் சொல்கிறார். நண்பரின் 67 வாட் போன் முக்கால் மணி நேரத்தில் நிரம்பிவிடுகிறது. “வேகமா ஏத்தினா பேட்டரி செத்துப்போகும்டா, ராத்திரி மெதுவா ஏத்து” என்கிறார் அப்பா. யார் சொல்வதைக் கேட்பது என்பது அவருடைய கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல், அந்த 450 ரூபாய் சார்ஜரை முதலில் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மறுபடி மாட்ட வேண்டாம். வேகம், பேட்டரி ஆயுள் எல்லாம் அப்புறம். திரை தாவுவதும் விரலில் சுருக்கென்பதும் உங்கள் போனின் கோளாறு அல்ல. இரண்டும் அந்தச் சார்ஜருக்குள்ளிருந்துதான் வருகின்றன.

சார்ஜருக்குள் 230 வோல்ட் வரும் பக்கமும் போனுக்குப் போகும் பக்கமும் ஒன்றையொன்று தொடவே கூடாது. நடுவில் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருக்கும். அதன் காந்தப்புலம் வழியாகத்தான் மின்திறன் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாண்டும். நல்ல சார்ஜரில் இரண்டு பக்கத்துக்கும் இடையே போர்டில் பல மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருப்பார்கள். மின் இரைச்சலை அடக்க, இரு பக்கத்தையும் இணைத்து ‘ஒய் கெப்பாசிட்டர்’ என்ற பாகத்தைப் போடுவார்கள். அது பழுதானால்கூட ஷார்ட் ஆகாதபடி செய்யப்படுவது. காசு மிச்சம் பிடிக்கும் சார்ஜரில் அந்த இடம் காலியாக இருக்கும், இல்லாவிட்டால் சாதாரண கெப்பாசிட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கும். இரைச்சலை அடக்க ஆள் இல்லாதபோது அது கேபிள் வழியாகத் திரைக்குப் போகிறது, தொடுதிரை அதையும் விரல் என்று எடுத்துக்கொள்கிறது. சாதாரண கெப்பாசிட்டர் என்றைக்காவது ஷார்ட் ஆனால், உங்கள் கை படும் உலோக ஓரம்வரை வீட்டு மின்சாரம் வந்து நிற்கும். எர்த் பின் இல்லாத நல்ல சார்ஜரில்கூட உலோகத்தை மெல்ல வருடினால் லேசான அதிர்வு தெரிவதுண்டு. அந்தக் கசிவுக்கு அளவு நிர்ணயித்திருக்கிறார்கள், அதில் ஆபத்து இல்லை. சுருக்கென்று குத்துவது அந்த அளவைத் தாண்டிய கதை. மழையில் நனைந்த கையோடு வீட்டுக்கு வந்து போனை எடுக்கும் வேலையில் இருக்கிறீர்கள், இதில் துணிச்சல் வேண்டாம்.

அந்த 65 வாட் எங்கே போயிற்று

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். சார்ஜரின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, பின் பக்கம் பொடி எழுத்தில் ‘அவுட்புட்’ என்று போட்டிருப்பதைப் படியுங்கள். உண்மையான 65 வாட் டைப்-சி சார்ஜர் என்றால் 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 3 ஆம்பியர், 15 வோல்ட் 3 ஆம்பியர், 20 வோல்ட் 3.25 ஆம்பியர் என்று வரிசையாக இருக்கும். கடைசியைப் பெருக்கினால்தான் 65 வருகிறது. உங்கள் பேட்டரியின் கொள்ளளவான 5,000 எம்ஏஎச் என்பது 5 ஆம்பியர்-மணி, 3.85 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 19 வாட்-மணி. அதை நிரப்ப இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிறது என்றால், போனுக்குள் போவது 10 வாட்டுக்கு மேல் இல்லை. முகப்பில் என்ன அச்சடித்திருந்தாலும் அது உங்கள் பழைய சார்ஜர் செய்த வேலையைத்தான் செய்கிறது.

ஒருவேளை அது உண்மையான 65 வாட்டாகவே இருந்தாலும் உங்கள் போனுக்குள் 65 வாட்டைத் திணித்துவிடாது. இந்தப் பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. டைப்-சி கேபிளை மாட்டியதும் சார்ஜர் ‘என்னிடம் இன்னின்ன வோல்ட் இருக்கிறது’ என்று பட்டியலைச் சொல்லும். போன் அதில் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கும். எவ்வளவு எடுப்பது என்று தீர்மானிப்பது போன்தான். இருவருக்கும் பொது மொழி தெரியாவிட்டால் பேச்சுவார்த்தையே நடக்காது, 5 வோல்ட்டிலேயே மெதுவாக ஏறும். இப்போது பரவலாக இருக்கும் பொது மொழி யூஎஸ்பி பிடி. அதோடு 2017-இல் சேர்ந்த விரிவாக்கம் பிபிஎஸ். பிபிஎஸ்ஸில் போன் 20 மில்லிவோல்ட் படிகளில் தனக்குச் சரியான வோல்ட்டைக் கேட்டு வாங்க முடியும். வோல்ட்டை இறக்கும் வேலை போனுக்குள் குறைவதால் அங்கே சூடும் குறையும். உங்கள் போன் போன்ற 25 வாட் மாடல்கள் பல, பிபிஎஸ் இருந்தால்தான் முழு 25 வாட்டை எடுக்கும். பிடி மட்டும் இருந்தால் 15, 18 வாட்டோடு நின்றுவிடும்.

நண்பரின் 67 வாட் சார்ஜரை இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு ‘என் போனில் வேகமே இல்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த வகைச் சார்ஜர்களில் பெரும்பாலானவை அந்தந்த நிறுவனத்தின் சொந்த மொழியில் பேசுபவை, கேபிள்கூட அவற்றுக்கென்று தனி. அந்தப் போன்கள் பலவற்றில் பேட்டரியே இரண்டு செல்லாகப் பிரிந்திருக்கும், அதனால் சுமை பங்காகிவிடும். அந்த வேகம் போனோடு சேர்த்து வடிவமைத்த வேகம், சார்ஜரை மட்டும் வாங்கினால் கூடவே வராது.

பேட்டரியைத் தின்றது யார்

மூன்று வாரத்தில், அதுவும் 10 வாட்டில் ஓடிய சார்ஜர், பேட்டரியை 79 சதவீதத்துக்கு இறக்கியிருக்க முடியாது. அந்தப் பழியை அதன் மேல் போட வேண்டாம், அதன் மேல் போட வேறு பழிகள் இருக்கின்றன. நீங்கள் எழுதிய கணக்கையே கூட்டிப் பாருங்கள். இரவில் 85, மதியம் சுமார் 55, மாலையில் 25. மொத்தம் 165 சதவீதம். 100 சதவீதம் ஏறினால் ஒரு சுழற்சி என்பது கணக்கு. ஒரே தடவையில் ஏறினாலும் துண்டு துண்டாக ஏறினாலும் அதேதான். மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் 14 மாதத்தில் 364 நாள், ஏறத்தாழ 600 சுழற்சி. நாளுக்கு முக்கால் சுழற்சி பயன்படுத்தும் ஒருவருக்கு இதை எட்ட இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும்.

600 சுழற்சியில் 79 என்பது நல்ல பேட்டரிதானா? ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு 500 சுழற்சிக்குப் பின் 80 சதவீதம் மிஞ்சும் என்று சொல்லியிருந்தது, ஐபோன் 15-லிருந்து அதை 1,000 ஆக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்பது விதி. உங்களுடையது அந்த வரம்புகளுக்கு நடுவில், கொஞ்சம் முந்தியே தளர்ந்திருக்கிறது. அந்தக் ‘கொஞ்சம் முந்தி’க்குக் காரணம் சார்ஜர் அல்ல, வெயில்.

மதிய வெயிலில் ஹேண்டில்பாரில் மாட்டிய போனை நினைத்துப் பாருங்கள். மேலே நேர் வெயில், முழு வெளிச்சத்தில் திரை, உள்ளே ஜிபிஎஸ்ஸும் டேட்டாவும், பின்னால் காற்றே புகாத ரப்பர் கவர். போதாததற்கு பைக் சாக்கெட்டிலிருந்து சார்ஜும் ஏறுகிறது. லித்தியம் அயான் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றலாம் என்று பொதுவாகச் சொல்லும் எல்லை 0 முதல் 45 டிகிரி. இந்த நிலைமையில் பேட்டரி அந்த மேல் எல்லையை எளிதாகத் தொட்டுவிடும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் உள்ளே நடக்கும் வேதிவினைகள் ஏறத்தாழ இருமடங்கு வேகமாகும் என்பது பொறியாளர்கள் கையில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அந்த வினைகளில் ஒன்று, கிராஃபைட் தகட்டின் மேல் படியும் மெல்லிய ஏடு. அது தடிக்கத் தடிக்க லித்தியம் அதிலேயே மாட்டிக்கொள்கிறது, கொள்ளளவு குறைகிறது, மின்சாரம் வெளியே வரும்போது பேட்டரிக்குள்ளேயே எதிர்ப்படும் தடை, அதாவது உள்தடை, கூடுகிறது.

18 சதவீதத்தில் அணைவதும் இந்த உள்தடையால்தான். தெருவில் மோட்டார் போட்டால் வீட்டு விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மேப், போன் கால், திரை வெளிச்சம் மூன்றும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது தளர்ந்த பேட்டரியின் வோல்ட்டேஜ் அப்படித்தான் திடீரென்று சரிகிறது. குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனதும் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. ‘மாதம் ஒரு தடவை பூஜ்யம்வரை இறக்கி முழுசா ஏற்று’ என்ற பழைய ஆலோசனை இதைக் குணப்படுத்தாது. சதவீதம் காட்டும் கணக்கை அது ஓரளவு நேராக்கும், அவ்வளவுதான். அடிக்கடி பூஜ்யத்துக்கு இறக்குவது பேட்டரிக்குக் கெடுதல்.

அப்பா சொல்வதில் எது சரி

பேட்டரிக்குள் சார்ஜ் ஏறுவது டவுன் பஸ்ஸில் ஆள் ஏறுவது மாதிரி. காலி பஸ் என்றால் எல்லோரும் திபுதிபுவென்று ஏறி உட்கார்ந்துவிடலாம். முக்கால்வாசி நிரம்பிய பிறகும் அதே வேகத்தில் நெருக்கினால் படியிலேயே தொங்க வேண்டியதுதான். லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்கார வேண்டும். உட்கார முடியாத வேகத்தில் வந்தால் மேற்பரப்பிலேயே உலோக லித்தியமாகப் படிந்துவிடும், அது பெரும்பாலும் திரும்பி வராத இழப்பு. குளிரில் இது மோசமாகும். ஊட்டி, கொடைக்கானல் பனி இரவில் சார்ஜ் போடுபவர்கள் கவனிக்கட்டும், மதுரைக்காரருக்கு அந்தக் கவலை இல்லை.

போன் தயாரிப்பவர்களுக்கு இது தெரியாததல்ல. அதனால்தான் வேகச் சார்ஜிங் முழு வேகத்தில் ஓடுவது ஆரம்பத்தில் மட்டும். பேட்டரி ஏற ஏற போனே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரும், 80-க்கு மேல் வேகச் சார்ஜரும் சாதாரணச் சார்ஜரும் கிட்டத்தட்ட ஒரே நடை. சூடு கூடினாலும் குறைக்கும். 19 வாட்-மணி பேட்டரிக்கு 25 வாட் என்பது இன்றைய நிலவரத்தில் மிதமான வேகம்தான். அதனால் ‘வேகமா ஏத்தினா பேட்டரி செத்துப்போகும்’ என்பதில் பாதிதான் உண்மை. நிழலில், கவரைக் கழற்றி வைத்து 25 வாட்டில் 30 நிமிடம் ஏற்றுவதைவிட, வெயிலில் ஓடிக்கொண்டே பைக் சாக்கெட்டின் 10 வாட்டில் இரண்டு மணி நேரம் ஏற்றுவது உங்கள் பேட்டரிக்குக் கூடுதல் கெடுதல்.

இரவைப் பற்றி அப்பா சொல்வது முழுக்கச் சரி. ஆறேழு மணி நேரம் தூங்கும்போது அவசரம் எதற்கு? பழைய 10 வாட் சார்ஜர் அந்த வேலைக்குப் போதும், சூடும் குறைவு. அதிலும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: நடுஇரவில் 100 தொட்டுவிட்டு விடியும்வரை அதே நிலையில் நிற்பது பேட்டரிக்கு இறுக்கமான நிலை. உங்கள் போனின் பேட்டரி அமைப்புகளுக்குள் ‘பேட்டரி பாதுகாப்பு’, ‘ஸ்மார்ட் சார்ஜிங்’ போன்ற பெயரில் ஒரு வசதி இருக்கும். நீங்கள் எழும் நேரத்தைப் பழகிக்கொண்டு கடைசி 20 சதவீதத்தை விடியும்போது ஏற்றுவது ஒரு வகை, 80-இல் நிறுத்திவிடுவது இன்னொரு வகை. வேலை நாளில் முதல் வகையையும் விடுமுறை நாளில் 80 வரம்பையும் வையுங்கள். தலையணைக்கு அடியிலோ மெத்தை மேலோ வைத்துச் சார்ஜ் போட வேண்டாம், வெறும் தரையோ மேஜையோ நல்லது.

1,300 ரூபாய் கொடுக்கலாமா

கொடுக்கலாம். உங்கள் வேலைக்கு அது வீண் செலவு இல்லை. 20 நிமிட டீ நேரத்தை எடுத்துக்கொள்வோம். 10 வாட்டில் அந்த நேரத்தில் வருவது 3.3 வாட்-மணி. வழியில் வீணாவது போகப் பேட்டரியில் சேர்வது சுமார் 15 சதவீதம். 25 வாட்டில் அதே 20 நிமிடத்தில் 35 சதவீதத்துக்குக் குறையாது, பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும்போது போட்டால். மதியம் ஒன்றரை மணி நேரம் பிளக் பக்கத்திலேயே கட்டுண்டு உட்கார்ந்திருப்பது 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வீட்டிலும் அலுவலகத்திலும் நாள் முழுக்கப் பிளக் அருகில் இருப்பவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், பழைய சார்ஜரே போதும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

2,800 ரூபாய் 45 வாட் சார்ஜர் உங்களுக்கு வேண்டாம். போன் 25-க்கு மேல் கேட்காது, மீதி 20 வாட்டுக்கான காசு சுவரிலேயே நிற்கும். அடுத்த வருடம் 45 வாட் எடுக்கும் போன் வாங்குவது உறுதி என்றால் மட்டும் யோசிக்கலாம். வேறு நல்ல நிறுவனத்தின் 25 அல்லது 30 வாட் சார்ஜர் மலிவாகக் கிடைத்தாலும் தாராளமாக வாங்கலாம். வாங்கும் முன் கடையிலேயே இவற்றைப் பாருங்கள்:

1. அவுட்புட் வரியில் 9 வோல்ட் 3 ஆம்பியரோ, குறைந்தது 2.77 ஆம்பியரோ இருக்க வேண்டும். தனியாகப் பிபிஎஸ் வரி ஒன்று, 3.3 முதல் 11 வோல்ட் என்பதுபோல, இருக்க வேண்டும்.

2. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண். இந்தியாவில் விற்கும் சார்ஜருக்கு இது கட்டாயம். ஆங்கில ‘ஆர்’ எழுத்து, ஒரு கோடு, பிறகு 8 இலக்கம். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனம், எந்தப் பொருளுக்குப் பெற்றது என்று காட்டும். சார்ஜரில் இருக்கும் பெயரும் செயலி காட்டும் பெயரும் ஒத்துப்போக வேண்டும்.

3. இரண்டு முனையும் டைப்-சியாக இருக்கும் கேபிள். ஒரு முனை பழைய அகல யூஎஸ்பியாக இருந்தால் பிடி பேச்சுவார்த்தை நடக்காது. 25 வாட்டுக்கு 3 ஆம்பியர் கேபிள் போதும். 5 ஆம்பியர் கேபிளுக்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. பெட்டியில் வந்த கேபிள் இரண்டு முனையும் டைப்-சி என்றால் அதுவே போதும்.

4. பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் போனை அங்கேயே மாட்டிப் பாருங்கள். பேட்டரி பாதிக்குக் கீழே, போன் சூடில்லாமல் இருக்கும்போது வேகச் சார்ஜிங் என்ற சொல் திரையில் வர வேண்டும். அமைப்புகளில் அந்த வசதியை அணைத்து வைத்திருக்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பில் வாங்காமல் நகராதீர்கள்.

நல்ல சார்ஜரும் கேபிளும் இருந்தும் வேகம் வராவிட்டால் பெரும்பாலும் குற்றம் போனில் கேபிள் மாட்டும் துளையான போர்ட்டில்தான் இருக்கும். சட்டைப்பை நூலும் சாலைத் தூசியும் உள்ளே அழுந்திப் போய், கேபிள் முனை முழுசாக உள்ளே போகாது. போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் ஓரத்தை மட்டும் மெல்லச் சுரண்டி எடுங்கள். ஊக்கு, ஊசி வேண்டவே வேண்டாம். மழையில் நனைந்தால் போர்ட் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து மெல்லத் தட்டி, காற்றில் அரை மணி நேரமாவது உலர விடுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பின்கள் பச்சை பிடித்து அரித்துவிடும்.

பைக்கில் என்ன செய்வது

பைக் சாக்கெட்டை வெயில் சாய்ந்த பிறகு மட்டும் பயன்படுத்துங்கள். பகலில் போனுக்கு மேல் சின்ன மறைப்பு ஒன்று போட்டால்கூட வித்தியாசம் தெரியும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மாட்டுவது மட்டும் வேண்டாம், அதற்குள் சூடு அடைபட்டுப் போகும். கொதிக்கும் போனைக் கொண்டுவந்து உடனே வேகச் சார்ஜில் போடாதீர்கள். கவரைக் கழற்றி மின்விசிறிக்கு அடியில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு மாட்டினால் மொத்த நேரம் குறையும், ஏனென்றால் சூடாக இருக்கும்வரை போன் தானே வேகத்தை அடக்கிக்கொண்டிருக்கும். ஃப்ரிட்ஜில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

மதியம் 20-லிருந்து 75, 80 வரை ஏற்றிவிட்டு எழுந்துவிடுங்கள். அதற்கு மேல் 100-ஐ எதிர்பார்த்து உட்கார்ந்தால் கடைசி 20-க்கு முதல் 50-க்கு ஆன நேரம் ஆகும். அதைவிட மாலையில் இன்னொரு 20 நிமிடம் போடுவது லாபம்.

பேட்டரி மாற்றுவதைப் பொறுத்தவரை, போனுக்கு வேறு குறை இல்லையென்றால் 2,200 ரூபாய் நியாயமான செலவு. புதுப் போனுக்குப் போக வேண்டியதில்லை. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லையென்றால் முதலில் சார்ஜர், அடுத்த மாதம் பேட்டரி. அதுவரை 30-க்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் திடீரென்று அணைவது குறையும். இந்த வரிசையை ஒரே ஒரு காரணம் மாற்றும்: போனைச் சமதளத்தில் மல்லாத்தி வைத்து விரலால் தட்டிப் பாருங்கள். பின்மூடி நடுவில் புடைத்து ஆடினாலோ, திரை ஓரத்தில் தூக்கி இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றோடு சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு நேராகச் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், நீங்களே பிரிக்கவும் வேண்டாம்.

450 ரூபாயைத் திரும்பக் கேட்கலாம்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இரண்டு விஷயங்களை முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது: விற்ற பொருளுக்குப் பில் கொடுக்காதது, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது. பில்லில் கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள் என்று சட்டமே வைத்திருக்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பலகை மாட்டினாலும் குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. நீங்கள் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. இன்னும் ஒன்பது நாள் போல இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

‘வேலைக்காக வாங்கியது, நான் நுகர்வோர் ஆக மாட்டேனே’ என்று தயங்க வேண்டியதில்லை. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கும் பொருளை வணிக நோக்கம் என்று சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. பில் இல்லாதது உங்கள் தவறும் அல்ல. யூபிஐ பதிவில் கடையின் பெயர், தேதி, தொகை மூன்றும் இருக்கின்றன, அதன் படத்தைச் சேமித்து வையுங்கள். சார்ஜரின் நான்கு பக்கத்தையும், முக்கியமாகப் பதிவு எண் இருக்க வேண்டிய இடத்தையும், படம் எடுங்கள். திரை தானாகத் தாவுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்று அதை மறுபடி மாட்டாதீர்கள். ஏற்கெனவே எடுத்தது இருந்தால் போதும்.

முதலில் கடைக்குப் போய் அமைதியாகக் கேளுங்கள். முகப்பில் 65 வாட், பின்னால் வேறு கணக்கு, பதிவு எண் இல்லை என்று காட்டினாலே பலர் மாற்றித் தந்துவிடுவார்கள். மாற்றுச் சார்ஜர் கொடுத்தால் வாங்காதீர்கள், பணமாகவே கேளுங்கள். அதே பெட்டியிலிருந்து வரும் இன்னொன்று வேறு மாதிரி இருக்காது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள், தமிழிலும் பேசலாம். பதிவு எண் இல்லாமல் விற்பதைப் ‘பிஐஎஸ் கேர்’ செயலியிலும் தனியாகப் புகார் செய்யலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போகலாம். 450 ரூபாய்க்காக வேலை நாட்களை இழந்து அங்கே அலைவது உங்களுக்கு நஷ்டம் என்பதால் 1915-ஓடு முடிக்கப் பார்ப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

புகார் முடியும்வரை அந்தச் சார்ஜர்தான் உங்கள் சாட்சி, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓர் உறையில் போட்டு, மேலே ‘மாட்டாதே’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள். இரவு போனில் சார்ஜ் இல்லை என்று வீட்டில் யாராவது தேடும்போது முதலில் கைக்குக் கிடைப்பது அதுவாக இருந்துவிடக் கூடாது.